களா வேலி வெட்டிய நாள்

அந்தக் களா வேலிக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். வெட்டத்தான் ஆள் இல்லை. காய் பறிக்கிற ஆனி மாதத்தில் "எங்க வேலி" என்று இரண்டு வீட்டாரும் கூடையோடு வந்து நிற்பார்கள். காய் ஓய்ந்து, கிளை கழிக்க வேண்டிய ஆடி பிறந்துவிட்டால் "அது அவங்க வேலி" என்று ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆறு வருஷம் இப்படியே போனதில் வேலி ஆள் உயரத்தையும் தாண்டி, அகலத்தில் ஒரு மாட்டு வண்டியை உள்ளே நிறுத்தலாம் போலப் பருத்துவிட்டது.

அதை யாரும் நட்டதில்லை. பாகூருக்கு மேற்கே, ஏரி வாய்க்காலின் மேட்டில், குருவி போட்ட விதையில் தானாக முளைத்த காட்டுக் களா. அண்ணன் தணிகைவேலும் தம்பி கலைவேந்தனும் நிலத்தைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு வீடு கட்டியபோது, வரப்புக்கு வேறு அடையாளம் தேட வேண்டியிருக்கவில்லை. கிழக்குப் பக்கம் அண்ணன், மேற்குப் பக்கம் தம்பி, நடுவில் களா.

அதைவிட நல்ல வேலி கிடையாது. கிளைக்குக் கிளை இரண்டிரண்டாக முள். ஆடு மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விடும். பங்குனியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து மல்லிகை போல மணக்கும். பிறகு பச்சைக் காய். அதை உப்பு நீரில் அலசிப் பால் போக்கி ஊறுகாய் போடலாம், புளிக்குப் பதிலாகப் பருப்பில் போடலாம். கறுத்துப் பழுத்தால் அப்படியே தின்னலாம், வாயும் சட்டையும் கறையாகும். வெட்டிய முள்ளுக்கும் வேலை உண்டு. நாற்றங்காலைச் சுற்றிப் போட்டால் கோழி இறங்காது. கோழிக்கூண்டின் மேல் போட்டால் கீரி வராது.

கலைவேந்தனின் மனைவி இளவரசிக்கு இந்த வேலி வேறொன்றுக்கும் பயன்பட்டது. அவள் அதிகம் பேசாதவள். சேதராப்பட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாள். அதையும் பாதியில் விழுங்கிவிடுவாள். அவளைப் பேச வைத்தவள் ஓரகத்தி மகாலட்சுமிதான், தணிகைவேலின் மனைவி. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்ற பிறகு இந்த இரண்டு பெண்களும் கடைத்தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஆனால் தினமும் மத்தியானம், வேலிக்கு இந்தப் பக்கம் இளவரசியின் துணி துவைக்கும் கல்லில் சத்தம் கேட்டால், அந்தப் பக்கம் மகாலட்சுமி முறத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. முகம் தெரியாததால்தானோ என்னவோ, இளவரசிக்கு அங்கே பேச்சு தாராளமாக வந்தது.

ஆடி பாதி கழிந்த ஒரு நாள் மகாலட்சுமி வந்ததும் வராததுமாகக் கூப்பிட்டாள்.

"இளவரசி, கீறியா?"

"இருக்கன்க்கா. தொவைக்கறன்."

"கேட்டுக்கினே தொவை. உங்க மாமா தவளக்குப்பத்துல ஜேசிபிக்கு சொல்லிட்டு வந்துட்டாரு. திங்கக்கெழம வருதாம். வேலிய வேரோட புடுங்கிட்டு சிலாப் செவுரு வெக்கப் போறாராம்."

இளவரசியின் கை நின்றது. சோப்பு நுரை கல்லிலிருந்து வழிந்து காலடியில் இறங்கியது.

"ஏங்க்கா?"

"அறுப்பு மிஷினு திரும்ப எடமில்லையாம். போன அறுப்புல டயருல களா முள்ளு ஏறி, மிஷின்காரன் வாய்ல வந்தத சொல்லிட்டுப் போனான். அதுலேர்ந்தே இவுருக்கு ரோசம்."

"செவுரு எவ்ளோ ஒசரம்க்கா?"

"ஆளு ஒசரம். உன் ஒசரத்துக்கு நீ குதிச்சாலும் தெரிய மாட்ட."

இளவரசி நனைந்த துணியைப் பிழியாமல் கையிலேயே வைத்திருந்தாள். சிமெண்டுச் சுவரோடு பேசிக்கொண்டிருப்பதைப் பக்கத்து நிலத்தில் களை எடுக்கிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பின்னால், மத்தியானங்களை இனி என்ன செய்வது என்ற நினைப்பு வந்தது. அதுதான் கனமாக இருந்தது.

"ஏண்டி கம்முனு ஆயிட்ட?"

"வெட்டி நேர் பண்ணா போதாதாக்கா?"

"நானும் அதத்தான் கேட்டன். 'அந்தப் பக்கம் கொக்கி புடிக்க ஆளு வந்தா நான் ஏன் ஜேசிபிக்குப் போறன்'றாரு."

"கூலிக்கு ஆளு வெச்சுக்கலாமே."

"கூலிக்கு எவன்டி களா முள்ளுல கை வைப்பான்? நூறுநாள் வேலைக்குப் போனா நெழல்ல ஒக்காந்துட்டு வரலாம்." மகாலட்சுமி முறத்தை ஒரு தட்டு தட்டினாள். "ஆளு கெடைச்சாலும் வேணான்றாரு. தம்பி வரணுமாம். அதான் விசயம். மத்ததெல்லாம் சொம்மா."

களா வேலியை ஒற்றை ஆளாக வெட்ட முடியாது. ஒரு பக்கம் நிற்கிறவர் சவுக்குக் கழியின் முனையில் கட்டிய இரும்புக் கொக்கியால் கிளைகளை மாட்டித் தன் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போது எதிர்ப்பக்கம் முள் விலகித் தண்டு வெளியே தெரியும். அங்கே நிற்கிறவர் தலையை உள்ளே விட்டு அரிவாளால் வெட்டுவார். வெட்டி முடித்துப் பின்னால் நகர்ந்து "வுடு" என்று சொன்ன பிறகுதான் கொக்கியைத் தளர்த்தலாம். வெட்டிய கிளை இழுத்தவர் பக்கம் விழும். கூடவே வளைந்திருந்த மற்ற கிளைகள் சாட்டை மாதிரி பழைய இடத்துக்குத் திரும்பும். அந்த நேரம் அங்கே முகம் இருக்கக் கூடாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடியில் தணிகைவேலின் முகம் அங்கே இருந்தது. கொக்கி பிடித்தவன் கலைவேந்தன். பிடி நழுவிவிட்டது. முள் இடது கண்ணில் விழுந்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு, "கண்ண எடுத்துட்டியேடா பாவி" என்று கத்தியது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாற்று நட்டவர்களுக்கெல்லாம் கேட்டது. கண் போகவில்லை, இமைதான் கிழிந்தது என்று பிறகு தெரிந்தது. ஆனால் கலைவேந்தன் ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விட்டு உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டான். கட்டோடு வந்த அண்ணன் தம்பி வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. அவ்வளவுதான். வேறு சண்டை, வழக்கு எதுவும் கிடையாது.

மறுநாள் காலை கலைவேந்தன் நைட் ஷிப்ட் முடிந்து வந்தான். சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் அவனுக்கு வேலை. குளித்துவிட்டு வந்தவனுக்கு, பனித்திட்டு மீன்காரம்மாவிடம் வாங்கிய மத்தி மீனில் களாக்காய் போட்டு வைத்த முந்தின நாள் குழம்பையும் சோற்றையும் இளவரசி எடுத்து வைத்தாள். இரண்டு வாய் உள்ளே போகட்டும் என்று காத்திருந்தாள்.

"ஜேசிபி வருதாம்."

"எதுக்கு?"

"வேலியப் புடுங்க."

"புடுங்கட்டும். அவரு வேலி, அவரு புடுங்கறாரு."

"ஆனி மாசம் நம்ம வேலின்னீங்க."

"அது ஆனி மாசம்."

மகள் அர்ச்சனா பள்ளிக்கூடப் பையோடு குறுக்கே வந்து, "அப்பா, எங்க மிஸ் சொன்னாங்க, பேக்கரி கேக்கு மேல வெக்கற செர்ரி இருக்குல்ல, அது செர்ரியே இல்லியாம். களாக்காயில கலர் போட்டு பண்றதாம்" என்றாள்.

"அப்ப நம்ம வூட்டு கேக்குத்தான் வேலியா நிக்குது" என்று அவன் சிரித்தான். அவள் போனதும் இளவரசி மறுபடியும் ஆரம்பித்தாள்.

"நீங்க கொக்கி புடிச்சா புடுங்க மாட்டாராம்."

அவன் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான். ஒதுக்கியதையே மறுபடியும் ஒதுக்கினான்.

"யாரு சொன்னது?"

"அக்கா."

எந்த அக்கா என்று அவன் கேட்கவில்லை. மனைவி மத்தியானம் யாரோடு பேசுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது அவன் வழக்கம்.

"என்னால ஆவாது இளவரசி."

"ஏன்?"

"மறுபடியும் வழுக்குச்சுன்னா? ஒரு தடவ கண்ணு தப்பிச்சுது. என் கையி மேல எனக்கே நம்பிக்க இல்ல. கம்பெனில அவ்ளோ பெரிய மிஷின ஓட்டறன், பயமில்ல. அந்தக் கழியப் பாத்தா உள்ளங்கை வேர்க்குது." அவன் கையைக் கழுவ எழுந்துவிட்டான். "செவுரே வெக்கட்டும். நல்லதுதான்."

அன்று மத்தியானம் துவைக்கும் கல்லில் அவள் துணியே இல்லாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி ஆச்சு? கேட்டியா?" என்றாள் மகாலட்சுமி.

"கேட்டன்க்கா."

"இன்னான்றாரு கொழுந்தனாரு?"

இளவரசி வேலியைப் பார்த்தாள். பறிக்க எட்டாத உயரத்தில் கறுத்த பழங்கள் மிச்சம் இருந்தன. ஒரு சின்னான் குருவி அதைக் கொத்திக்கொண்டிருந்தது.

"வரன்னு சொல்லிட்டாருக்கா" என்றாள்.

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. முகம் தெரிந்திருந்தால் அந்த நொடியே மாட்டியிருப்பாள்.

"மெய்யாலுமா?"

"ம். ஞாயித்துக்கெழம. விடியறப்பவே வந்துடறேன்னாரு. பேச மாட்டாராம். கொக்கி மட்டும் புடிப்பாராம்."

"அது போதும்டி, அது போதும்" என்று மகாலட்சுமி மூக்கை உறிஞ்சினாள்.

சனிக்கிழமை இரவு கலைவேந்தனுக்கு ஷிப்ட். ஞாயிறு காலை வீடு வந்து சேர எட்டு மணியாகிவிடும். அதற்குள் முக்கால்வாசி வேலியை வெட்டிவிட்டால், பிறகு ஜேசிபிக்கு வேலை இருக்காது. அவளுடைய யோசனை அதுவரைக்கும்தான் போனது. அதற்கு அப்பால் யோசித்தால் கை கால் ஓடாது என்று யோசிக்கவில்லை.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், புடவையின் மேல் கணவனின் கம்பெனிச் சட்டையைப் போட்டு முழுக்கையை மணிக்கட்டுவரை பட்டன் போட்டாள். வளையல்களை முழங்கைக்கு ஏற்றித் துணியால் கட்டினாள். தலையில் துண்டு. மாடிப்படிக்கு அடியில் இருந்த பரணில் தூசி படிந்து கிடந்த கொக்கிக் கழியை இறக்கியபோது அது நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அர்ச்சனா தூங்கிக்கொண்டிருந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"வந்துட்டியா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இளவரசி தணிகைவேலிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மூத்தாரிடம் பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவர் வந்தால் இவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். இப்போது வழக்கத்தால் மட்டுமல்ல, பொய்யாலும் வாய் திறக்க முடியாது. கழியின் அடியால் துவைக்கும் கல்லில் இரண்டு தட்டு தட்டினாள்.

"சரி. வடக்கு மூலைலேர்ந்து வரலாம். மேல் கெளய மாட்டு."

மாட்டினாள்.

"இழு."

கையால் மட்டும் இழுத்தால் வேலி அசையவில்லை. கழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தாள். கிளைகள் முனகிக்கொண்டு வளைந்தன. பழுத்த பழங்கள் தலையிலும் தோளிலும் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அந்தப் பக்கம் அரிவாள் இறங்கும் சத்தம். ஒன்று, இன்னொன்று. கிளை சட்டென்று கனம் இழந்தது.

"வுடு."

விட்டாள். வெட்டிய கிளை அவள் காலடியில் விழ, மற்றவை விசிறிக்கொண்டு திரும்பின. அந்த வேகத்தைப் பார்த்தபோதுதான் கணவனின் உள்ளங்கை ஏன் வேர்க்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. வெட்டுவாயிலிருந்து பால் சொட்டியது. பச்சை வாசம் மூக்கில் ஏறியது.

மாட்டு, இழு, வுடு. மாட்டு, இழு, வுடு. வேலியின் வடக்கு மூலை மெல்லத் தணிந்தது. ஓர் ஓணான் குடியிருப்பைக் காலி செய்துகொண்டு அவள் கால் மேல் ஏறி ஓடியது. கழியை விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கம்முனே இருக்க" என்றார் தணிகைவேல். "இரு. வேலைக்கு வாய் எதுக்கு. நான் பேசறன், நீ கேளு. கம்பெனில பர்மனென்ட் பண்ணிட்டாங்களாமே. நல்லது."

இளவரசி திடுக்கிட்டாள். அதை அவள் போன வாரம்தான் மகாலட்சுமியிடம் சொல்லியிருந்தாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

"இழு. பாப்பாவுக்கு முன்பல்லு வுழுந்துச்சாம். கூரை மேல போட்டீங்களா? மெத்தை வூட்டுல கூரைக்கு எங்க போறது. எங்க மாட்டுக் கொட்டாய் கூரைல போட்டிருக்கலாம்... வுடு."

விட்டாள்.

"உன் பொண்டாட்டிக்கு இடுப்பு வலின்னாங்க, இப்ப பரவால்லியா? கொள்ளு வேவவெச்சு குடிக்கச் சொல்லு."

இளவரசிக்கு முகம் சுட்டது. ஆறு வருஷமாக இந்த வேலியில் அவள் கொட்டியது ஒன்றும் அக்காவோடு நிற்கவில்லை. முறத்தில் புடைத்த அரிசியோடு அதுவும் வீட்டுக்குள் போயிருக்கிறது.

"அப்புறம் யாரோ, என் கொறட்ட வேலி தாண்டி கேக்குது, ஆடி மாசம் கோயில்ல பம்பை அடிக்கறாப்ல இருக்குதுன்னு சொன்னாங்களாம். கெட்டியா புடி, கெட்டியா புடி, நழுவுது."

அவள் கெட்டியாகப் பிடித்தாள். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை.

அதற்குள் மகாலட்சுமி கூழோடு வந்துவிட்டாள். வேலியின் அடியில் கோழி நுழைகிற சந்து ஒன்று உண்டு. அதன் வழியாகக் கூழ்ச் சொம்பைத் தள்ளக் குனிந்தவள், அந்தப் பக்கம் நின்ற கால்களைப் பார்த்தாள். கால் விரல்களில் மெட்டி இருந்தது. சொம்பு பாதி வழியில் நின்றது.

"இன்னா மே, மசமசன்னு?" என்றார் தணிகைவேல்.

"ஒண்ணியுமில்ல. கொழுந்தனாருக்கு கூழு வெக்கறன்." அவள் குரல் ஒரு மாதிரி குலுங்கியது. "மோர் மொளகா வெச்சிருக்கன், களா ஊறுகா வெச்சிருக்கன். பொறுமையா குடிக்கச் சொல்லுங்க. பாவம், பழக்கமில்லாத கையி."

"பழக்கமில்லாத கையா? களா வேலிலயே வளந்தவன்."

மகாலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச தூரம் போய் நின்றாள். வீட்டுக்குப் போகவில்லை.

கூழைக் குடித்துவிட்டு மறுபடியும் கழியைப் பிடித்தபோது இளவரசியின் தோள்பட்டை எரிந்தது. வேலையில் பாதி முடிந்திருந்தது. வெயில் வேலியின் தலைக்கு வந்துவிட்டது.

"இழு" என்றார் அவர். இழுத்தாள். அரிவாள் சத்தம் வரவில்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். "என் கண்ணுக்கு ஒண்ணியுமில்ல. ரெப்பை கொஞ்சம் தொங்குது, அவ்ளோதான். வண்டி ஓட்டறன், பேப்பர் படிக்கறன். நீ என்னமோ என் கண்ணப் புடுங்கி பாக்கெட்ல வெச்சிருக்கறவனாட்டம், எதிர்ல வந்தா தலைய குனிஞ்சுக்கினு போற. வலில கத்துனன். வலில கத்தறத எல்லாம் எடுத்து வெச்சுக்குவாங்களா? ஆஸ்பத்திரில படுத்துக்கினு வாசலயே பாத்துக்கினு இருந்தன், வருவன்னு."

கிளைகள் கொக்கியில் அதிர்ந்தன.

"எம்மேல கோவமா உனக்கு? ஒரு வார்த்த சொல்லு."

இளவரசி கழியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்ல மாட்டியா. சரி. கோவம்னே வெச்சுக்கறன். அப்ப எதுக்கு இந்த வேல? நாளைக்கு ஜேசிபியே வரட்டும்."

இளவரசி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாமா" என்றாள்.

களா வேலி அசையாமல் நின்றது.

"அவுரு இல்ல மாமா. நான் இளவரசி. அவுருக்குக் கோவமெல்லாம் இல்ல. பயம். மறுபடியும் வழுக்கி உங்க மேல வுழுந்துடுமோன்னு பயம். ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. வாசல்லியே நின்னுட்டு வந்துட்டாரு."

இவ்வளவு நீளமாக அவள் ஓர் ஆம்பளையிடம் பேசியதில்லை, கணவனைத் தவிர. பேசும்போதே தலைத்துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது. கழியை மட்டும் விடவில்லை.

"தெரியும்மா" என்றார் தணிகைவேல்.

"எது மாமா?"

"நீதான்னு. மொத கெளயிலியே தெரியும். அவன் இழுத்தா கெள அசையாம நிக்கும். இது ஊஞ்சலாட்டம் ஆடிச்சு."

"அப்ப ஏன் மாமா அவுர்கிட்ட பேசறாப்ல..."

"உன்கிட்ட வேற எப்டி பேசறது? மூஞ்சியப் பாத்தா கதவுக்குப் பின்னாடி பூடுவ. இப்ப கொக்கிய வுட்டுட்டு ஓட முடியாது பாரு. நீ போயி அவன்கிட்ட சொல்லுவன்னு பாத்தன்." அரிவாளால் தண்டில் ஒரு தட்டு தட்டினார். "பயம்னு எனக்குத் தெரியாது. வாயத் தொறந்தா ஊரு சேதி எல்லாம் வருது. இத ஒருத்தி சொல்லல."

"எங்கிட்டயே இன்னிக்கித்தான் சொல்றா" என்றாள் தூரத்திலிருந்து மகாலட்சுமி.

"சரி, புடிம்மா. இந்தக் கெள பெருசு. வெட்டிடறன்."

அவர் தலையை உள்ளே விட்டிருப்பது அரிவாள் சத்தம் கிட்டத்தில் கேட்டதிலிருந்து தெரிந்தது. அப்போதுதான் பின்னால் பைக் வந்து நின்றது. கலைவேந்தன் இறங்கி, குவிந்து கிடந்த முள்ளையும், தன் சட்டையைப் போட்டுக்கொண்டு கழியோடு சாய்ந்து நின்ற மனைவியையும் பார்த்தான்.

"யாரக் கேட்டுடி..."

"அப்புறமா திட்டுங்க" என்றாள் அவள் திரும்பாமல். "மாமா உள்ள கீறாரு. இன்னும் வுடுன்னு சொல்லல. எனக்குக் கை வுட்டுப் போச்சு."

மெய்யாகவே விட்டுப் போயிருந்தது. கழி அக்குளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் அரிவாள் வெட்டிக்கொண்டே இருந்தது. கலைவேந்தன் கையில் இருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே போட்டான். இரண்டே எட்டில் வந்து அவள் கைக்கு மேல் கை வைத்துப் பிடித்தான். ஒரு காலை முன்னால் ஊன்றினான். அவள் அடியில் குனிந்து வெளியே வந்தாள்.

ஆடிக்கொண்டிருந்த கிளை நின்றது.

அந்தப் பக்கம் அரிவாளும் நின்றது. பிறகு அரிவாள் மறுபடியும் ஆரம்பித்தது. முன்னைவிட நிதானமாக, ஒவ்வொரு வெட்டுக்கும் இடைவெளி விட்டு. கிளை முறிந்தது.

"வுடு" என்றார் தணிகைவேல்.

கலைவேந்தன் விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

"வுடுடா."

"நகந்துட்டியா?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவன் பேசியது அதுதான்.

"நகந்துட்டன்."

"எவ்ளோ தூரம்?"

"ஏன், வாய்க்கால்ல போயி நிக்கட்டா?"

"எனக்குத் தெரியணும்ல."

பிறகு வேலியின் தலைக்கு மேலே, நல்ல தூரத்தில், ஓர் அரிவாள் உயர்ந்து நின்றது. அதன் முனையில் களாப் பால் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கலைவேந்தன் அதைப் பார்த்தான். மெதுவாகக் கழியைத் தளர்த்தினான். கிளைகள் காற்றை அடித்துக்கொண்டு திரும்பின. யார் மேலும் படவில்லை.

"அடுத்தது மாட்டு" என்றார் தணிகைவேல்.

அவன் தூங்கப் போகவில்லை. ஷிப்ட் சட்டையோடு மத்தியானம் வரை இழுத்தான். இளவரசி வெட்டிய முள்ளைக் கவைக் குச்சியால் உருட்டி நாற்றங்கால் ஓரத்துக்குத் தள்ளினாள். அர்ச்சனா எழுந்து வந்து, தப்பித்த பழங்களைப் பொறுக்கித் தின்று வாயெல்லாம் ஊதாவாகி நின்றாள். நடுவில் ஒருமுறை தணிகைவேல் போனில் பேசுவது கேட்டது. "வேணாம்பா, நாளைக்கு வராத. வெட்டியாச்சு... ஆமா, நாங்களே... ஆமாம்பா, ரெண்டு பேரும்தான்."

சாப்பாட்டு நேரத்துக்கு வேலி மார்பளவுக்கு வந்துவிட்டது. இளவரசி முள்ளைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே பத்தடியில் மகாலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். வேலியின் தடுப்பு இல்லாமல் முழு முகமாக. காதோரம் நரைத்திருந்தது. குரலுக்கு நரை இருந்ததில்லை. இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

"கறுத்துட்டியேடி" என்றாள் மகாலட்சுமி கடைசியில்.

"வெயிலுதான்க்கா" என்றாள் இளவரசி. "நீங்க மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீங்க."

"ராத்திரில 'இன்னிக்கி இன்னா சேதி'ன்னு கேட்டுட்டுத்தான்டி அந்த மனுசன் படுக்கறது. நான் இன்னா பண்ணட்டும்?"

"கொறட்டையக்கூடவா சொல்லுவீங்க?"

"அதத்தான் மொதல்ல சொன்னன்."

தெற்கு மூலையில் கடைசிப் புதர் மட்டும் மிச்சம் இருந்தது. அதையும் தணிகைவேல் வெட்டி முடித்துப் பின்னால் போய் நின்றார். சட்டையில்லாத உடம்பு முழுக்க முள் கீறல். இடது இமை கொஞ்சம் தொங்க, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் தலையிலிருந்து மார்பு வரை தெரிந்தார்.

"வுடு" என்றார்.

கலைவேந்தன் கழியை இறுக்கிப் பிடித்தபடியே கேட்டான்.

"நகந்துட்டியா?"

"எதிர்லதான நிக்கறாரு கொழுந்தனாரே, தெரியலியா?" என்று மகாலட்சுமி சிரித்தாள்.

தணிகைவேல் சிரிக்கவில்லை. அரிவாளைத் தலைக்கு மேல் தூக்கி, தம்பி பார்க்கிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.